சூலத்துக்குத் தப்பிய சக்கரம்

சரக்கு தெரியாமல் வியாபாரத்தில் இறங்குகிறவனைக்கூடத் தேற்றி எடுத்துவிடலாம். தன் சரக்கு தனக்குத் தெரியும் என்று அடித்துப் பேசுகிறவனை ஒன்றும் செய்ய முடியாது. இருபத்திரண்டு வயதில் நான் இரண்டாம் ரகம். (இப்போதும் அதே ரகம்தான் என்பது என் மனைவியின் கட்சி.)

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற காரை, என் கல்யாணச் சீராக மாமனார் எனக்குக் கொடுத்தார். ஒரு மழைக்காலம் ஓடிவிட்டு, புதுச்சத்திரத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் அது படுத்துக்கொண்டது. உடம்பு துருப்பிடித்துப் போனாலும் எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் பஸ் ஓட்டிய சவரிமுத்து என்பவர், தன் பஸ்ஸுக்கு அதே எஞ்சின் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நான் தரையில் நடப்பதை நிறுத்திவிட்டேன்.

"எஞ்சின் ஒழுங்காப் போயிச் சேந்துதுன்னா உங்களுக்கு ஒரு லாரி எடுத்துத் தாரனுங்க, மாப்பிள்ளை. இல்லீன்னா கடலைக்காட்டப் பாத்துக்கிட்டுப் பேசாம இருந்துக்கோணும்" என்றார் மாமனார். லாரியின் முகப்பில் யார் பேரை எழுதுவது என்று அன்றே எனக்கும் மனைவிக்கும் சண்டை வந்துவிட்டது.

சேலத்தில் ரயிலேற்ற இடம் கிடைத்தது திங்கட்கிழமை. மாமனார் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கெழம கெழக்க சூலமுங்க. ஞாயித்துக்கெழமையே பரஸ்தானம் வெச்சுருங்க."

ஆகாத நாளில் பயணம் என்றால், முந்தின நல்ல நாளிலேயே போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் நம் துண்டையோ பையையோ கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அன்றே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. சூலமும் நம்பிவிடும்.

"என் துண்ட வெச்சாப் போதுமுங்களா, மாமா?"

"பயணம் உங்களுக்கா, எஞ்சினுக்கா?"

நியாயமான கேள்வி. முழு எஞ்சினையும் தூக்க முடியாது என்பதால் அதன் பின்புறம் சுழலும் கனத்த இரும்புச் சக்கரத்தை, அதுதான் ஃப்ளைவீல், கழற்றிச் சாக்கில் சுற்றினோம். இரண்டு ஆட்கள் முக்கி முனகித் தூக்கிப்போய், கிழக்குக் கடைசியில் இருந்த ராமாயி அக்கா வீட்டில் வைத்தார்கள். கிழக்கே போகிற ஊர்ச்சாமான் எல்லாம் அங்கேதான் தங்கிப் போகும்.

மறுநாள் காலை சக்கரத்தை எடுக்க நானே போனேன். இருட்டான மூலையில் சாக்கு மூட்டைகள் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன்: வட்டம், கனம், நடுவில் ஓட்டை.

"பிரிச்சுப் பாத்து எடுங்க, சாமி" என்றார் அக்கா.

"எஞ்சரக்கு எனக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

விழுப்புரத்தில் இறக்கி, வண்டி பிடித்து எல்லைச் சாவடிக்குப் போனால், சவரிமுத்து மாலையோடு நின்றார். (மாலை எஞ்சினுக்கு.) சுங்கக் குமாஸ்தா ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்து, கடைசிச் சாக்கை அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, லட்சணமாக ஒரு திருகைக்கல் இருந்தது.

"என்னய்யா இது?"

லாரி என் கண்ணுக்கு முன்னால் ஓடியது.

"மோட்டார் சாமானுங்க."

"கல்லாயிருக்கே?"

"கனம் வேணுமில்லீங்களா?"

"ஓரத்துல குழி?"

"கைப்பிடி போட்டுச் சுத்தறதுக்குங்க."

கார் மூக்கில் கைப்பிடி போட்டுச் சுற்றுவதை அவரும் பார்த்திருக்கிறார். திருப்தியாகத் தலையாட்டி, போகச் சொல்லிவிட்டார். சவரிமுத்துதான் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"பருப்பு ஒடச்சுத்தான் உங்க ஊர்ல பஸ் ஓட்டுவாங்களா, தம்பி? சக்கரத்தக் கொண்டாங்க. இல்ல, எஞ்சினத் திருப்பி எடுத்துட்டுப் போங்க."

ஊருக்கு ஓடி வந்து விசாரித்தேன். அதே திங்கட்கிழமை ஆத்தூருக்கு மருமகளாகப் போன பெண் ஒருத்தியின் சீருக்கும் ராமாயி அக்கா வீட்டில்தான் பரஸ்தானம். பெண் வீட்டாரும் என்னைப் போலவே முழுத் திருகையையும் தூக்கச் சலித்து, மேல்கல்லை மட்டும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான் விட்டுப்போன மூட்டை, சீரோடு மேளம் கொட்டிப் போய்விட்டது.

ஆத்தூரில் அந்தப் பெண்ணின் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கொள்ளு உடைத்துக்கொண்டிருந்தார். அடியில் கல், மேலே என் ஃப்ளைவீல். போல்ட் போடும் ஓட்டையில் முளைக்குச்சி அடித்திருந்தார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சீரா வந்ததத் திருப்பித் தந்தா மருமகளுக்கு ஆகாது தம்பி. அதோட, கல்ல விட இது நல்லாவே ஒடைக்குது" என்றார் அந்த அம்மாள்.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அழுதேன். லாரி போன துக்கத்தை விட, என் எஞ்சினில் சுற்றியதை விட அந்தத் திருகையில் அது நன்றாகச் சுற்றியதுதான் தாங்கவில்லை.

எஞ்சின் திரும்பி வந்தது. கல் வரவில்லை, அதை மறுபடி சாவடியில் காட்டிப் பேச எனக்குத் தெம்பில்லை. எஞ்சினில் எருமையைக் கட்டினோம். நான் கடலைக்காட்டுக்குப் போனேன். மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனுஷர், மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தான். மருத்துவச்சி பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பூரித்துப்போய் நின்றேன். பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது:

"எதுக்கும் பிரிச்சுப் பாத்து வாங்குங்க, மாப்பிள்ளை."