எபனேசர் பம்ப் மாட்டினார்

வீட்டுக்கு மெக்கானிக் வருவதை மானக்கேடாக நினைக்கும் ஒரு வகை மனிதர்கள் நம் நடுவே நடமாடுகிறார்கள். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மிக்ஸி நின்றால் "தள்ளு, நான் பாக்குறேன்" என்பார்கள்; குழாய் சொட்டினால் சட்டையைக் கழற்றிவிடுவார்கள்; மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால்கூட அண்ணாந்து பார்த்து, "சத்தம் ஒரு மாதிரி வருதே" என்று ஏணி தேடுவார்கள். வேலை முடிந்த பிறகு தரையில் நாலு திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் எச்சா போட்டிருக்கான்" என்பார்கள். உலகத்துக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் இவர்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை தாராளமாகத் திருகாணி போட்டு அனுப்புகிறார்கள்? கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஸ்பேனர்தான் வரும்.

இந்த வகையில் சின்னமனூர்ப் பாத்திரக்கடை எபனேசரை விஞ்ச ஆள் கிடையாது. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது சாதாரண மனிதர்தான். ஆனால் யாராவது குக்கரின் விசில் சரியில்லை என்று கொண்டுவந்துவிட்டால் போதும், புதுக் குக்கர் விற்கலாமே என்ற நினைப்பே வராது. அந்தப் பழைய குக்கரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு, சோறு வடிக்க நேரமாகிறது என்று நிற்கிற அம்மாவுக்கு ஆவியின் தத்துவத்தை விளக்குவார்.

அப்படிப்பட்டவரின் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

கார், கோட்டயத்தில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய வெளிநாட்டு வண்டி. விளக்கு எரிந்ததே தவிர வண்டி நன்றாக ஓடியது. அந்த விளக்கைப் பற்றிக் கவலைப்படாமல் ஊரில் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எபனேசரால் முடியுமா? ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் பார்க்கிற ஸ்கேனர் ஒன்றை முன்னமே வாங்கி வைத்திருந்தார். அது ஓர் எண்ணைக் காட்டியது. எண்ணுக்குப் பொருள் தேடினார். பெட்ரோல் ஆவி வெளியே கசிகிறதா என்று சோதிக்கிற சின்னப் பம்ப் ஒன்று பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறதாம், அது செத்துப்போய்விட்டதாம். எபனேசரின் முகத்தில் அன்று வந்த ஒளியை அவர் மனைவி எப்சிபா தங்கள் கல்யாணத்தன்று பார்த்தாள். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

"பெட்ரோல் டேங்க்னா அது ஒரு குக்கர்னு வச்சுக்க" என்று அவளிடம் ஆரம்பித்தார். அதையே கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார். சர்ச் வாசலில் ஆயரிடம் சொன்னார். வங்கி வரிசையில் முன்னால் நின்றவரிடம் சொன்னார். அவர் வரிசையை விட்டே போய்விட்டார்.

புதுப் பம்ப் ஆன்லைனில் வந்து சேர்ந்த அதே வாரத்தில்தான் இன்னொன்றும் வந்தது. எப்சிபாவுக்குத் தலைமை ஆசிரியை பதவி. மேகமலையில் பள்ளிக்கூடம். திங்கட்கிழமை போய்ப் பொறுப்பேற்க வேண்டும்.

எப்சிபா எதையும் இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை. அவளுடைய பட்டமளிப்பு விழாவன்று எபனேசர் கடைக்குச் சரக்கு வந்துவிட்டது என்று போகவில்லை; நல்லாசிரியர் என்று தேனியில் அவளுக்குச் சால்வை போட்டபோது மண்டபத்து மைக் கரகரக்கிறது என்று மேடைக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

"நான் அந்தச் சேர்ல போய் உக்காரும்போது நீங்க கூட நிக்கணும். அவ்வளவுதான்."

"நிக்காம? நானே கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப கார அப்படியே விடுங்க. நல்லாத்தான ஓடுது? திரும்பி வந்து கழட்டிக்கங்க."

"ஹெட்மாஸ்டரம்மா போய் இறங்குற வண்டில மஞ்ச லைட்டு எரியலாமா? சனிக்கிழம காலைல தொட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்ன முடிஞ்சிரும். சின்ன வேல."

'சின்ன வேலை' என்பது இந்த வகையினரின் மந்திரச் சொல். அதைக் கேட்டதுமே இவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் வெளியே சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவார்கள்.

சனிக்கிழமை எபனேசர் லுங்கியை மடித்துக் கட்டி, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். எதிரே ஸ்டூலில் செல்போன். அதில் என்ன பாஷை என்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரர் அதே காரில் அதே பம்பை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் காரை அப்படியே தூக்கி நிறுத்துகிற இயந்திரம் இருந்தது. எபனேசருக்கு ஒரு ஜாக்கியும், முட்டுக்கொடுக்கச் சில கருங்கல்லும், மதில்மேல் முழங்கையை ஊன்றியபடி பக்கத்து வீட்டுச் சுருளியாண்டியும் இருந்தார்கள்.

சுருளியாண்டி போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அவருக்கு இது நல்ல பொழுது.

"பம்புன்னா தண்ணி இறைக்கணும்ல தம்பி? இது என்னத்த இறைக்குது?"

"ஆவிய, அண்ணே."

சுருளியாண்டி மதில்மேல் இன்னும் எம்பிப் பார்த்தார். "கார்ல ஆவி இருக்கா? அப்ப நீங்க ஆயரையில்ல கூப்பிட்டிருக்கணும்?"

எபனேசர் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்துக்கு உட்புறம் இருந்த பிளாஸ்டிக் மறைப்பைப் பிடித்திருந்த கிளிப்புகள் டக், டக்கென்று ஒடிந்தன. ஒவ்வொன்று ஒடியும்போதும், "ஒடிஞ்சாத்தான் கழலும்" என்று அறிவித்தார். உள்ளே கைவிட்டார். பம்ப் தெரிந்தது. பழைய நட்டுகள் துருப்பிடித்து நகர மறுத்தன; எபனேசர் மல்லாந்தார், குப்புறப் படுத்தார், ஒருக்களித்தார், கடைசியில் உட்கார்ந்து ஜெபித்தார். நட்டு நகர்ந்தது. பம்ப் கையோடு வந்தது. அதோடு கூட, அந்தப் பம்ப் செருகியிருந்த, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கரிப்பெட்டியின் குழாய் முனையும் முறிந்து வந்தது.

அடுத்த நொடி தெருவெல்லாம் பெட்ரோல் வாடை. எபனேசர் முறிந்த முனையைக் கையில் வைத்து வெறித்துக்கொண்டிருக்கும்போதே மதில் பக்கம் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது.

"அண்ணே! பீடி! பீடிய அணைங்க!"

"பத்தவே வைக்கலயே தம்பி. ஏன் இந்தப் பதறு பதறுறீக?"

எப்சிபா உள்ளேயிருந்து ஓடிவந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஏற்கெனவே வெளியே சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் சர்ச்சுக்குப் போனாள். வாசலில் ஆயர், "எபனேசர் எங்கம்மா? காணோமே" என்றார்.

"ஆவியோட போராடிக்கிட்டிருக்காக ஐயா."

ஆயர் மனம் நெகிழ்ந்து, "நல்லது, நல்லது" என்றார்.

வீட்டில் அந்தப் போராட்டம் உக்கிரமாக நடந்தது. முறிந்த முனைக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றினார், நழுவியது. எம்சீல் வைத்தார், பெயர்ந்தது. பிறகு திடீரென்று எழுந்து கடைக்கு ஓடி, பம்ப் ஸ்டவ்வின் சின்னப் பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்துவந்து, அரத்தால் ராவி, முறிந்த முனைக்குள் இறக்கி, மேலே ரப்பர் குழாயைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கினார். நின்றது! வாடையும் நின்றது. இதைச் சொல்லாமல் விட்டால் எபனேசருக்குத் துரோகம் செய்தவனாவேன்: அது உண்மையிலேயே நல்ல வேலை. புதுப் பம்ப் உட்கார்ந்தது, சக்கரம் ஏறியது, ஜாக்கி இறங்கியது. பொழுது சாயும் நேரத்தில் முகமெல்லாம் கரியோடு எபனேசர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

டிக்.

மறுபடி அழுத்தினார். டிக் கூட இல்லை. இரண்டு நாளும் சாவியை ஆன் செய்தபடியே வைத்து, ஸ்கேனரைச் செருகி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றி, அந்த வெள்ளைக்காரரையும் ஓடவிட்டதில் பேட்டரி உயிரை விட்டிருந்தது.

"தள்ளிவிட்டா கெளம்பாதா?" என்றார் சுருளியாண்டி.

"இது ஆட்டோமேட்டிக் அண்ணே. தள்ளினா கெளம்பாது."

"தானா போறதுக்குப் பேருதான ஆட்டோமேட்டிக்கு? போகச் சொல்லுங்க."

பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டார். திங்கட்கிழமை காலை எப்சிபா புதுச் சேலை கட்டி, பையோடு வாசலில் நின்றபோதும் அது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம். பச்ச லைட்டு வந்துரும்."

அவள் நின்றாள். தெருமுனை வரை பார்த்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"மலைக்குப் போற பஸ்ஸ விட்டா அடுத்து எப்பன்னு தெரியாது. நான் வாரேன்."

"வாடகை வண்டி சொல்லவா?"

"வேணாம். நீங்க வேலையப் பாருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எபனேசர் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கை கழுவ உள்ளே போனபோது கதவுக் கொக்கியில் அவருடைய வெள்ளைச் சட்டை தேய்த்து மாட்டியிருந்தது. சோப்பைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பேட்டரியை மாட்டியபோது வண்டி ஒரே அழுத்தலில் கிளம்பியது. மஞ்சள் விளக்கு இல்லை! எபனேசர் துள்ளி இறங்கினார். கத்திச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மதிலுக்கு ஓடினார்.

"அண்ணே, லைட்டு அணைஞ்சிருச்சு!"

"கரண்டு போயிருச்சா?" என்றார் சுருளியாண்டி.

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மலைக்கு விட்டார். வளைவுக்கு வளைவு ரோட்டைப் பார்த்ததைவிட டாஷ்போர்டைத்தான் அதிகம் பார்த்தார். தேயிலைத் தோட்டங்களின் மேல் மேகம் இறங்கியிருந்தது. எஸ்டேட் ஜீப்புகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போயின.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. எப்சிபா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு மாலை கிடந்தது. பக்கத்தில் நின்ற ஹேமாவதி டீச்சர், "வாங்க சார். கார் ரிப்பேருன்னு அம்மா சொன்னாகளே" என்றார்.

"அதெல்லாம் சரியாயிருச்சு. நானே மாத்திட்டேன். பெட்ரோல் டேங்க்னா அது ஒரு குக்கர்னு வச்சுக்கங்க..."

"டீச்சர், பிள்ளைகளச் சாப்பாட்டுக்கு விடுங்க" என்றாள் எப்சிபா. ஹேமாவதி தப்பித்தார்.

அறையில் இருவர் மட்டும். எபனேசர் மேஜைமேல் கிடந்த மாலையைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "நீ உக்காரும்போது நான் இல்ல" என்றார்.

"இல்ல." எப்சிபா ஜன்னலைப் பார்த்தாள். "உக்காரதுக்கு முன்ன திரும்பிப் பாத்தேன். சும்மா ஒரு நெனப்பு."

எபனேசருக்கு நெஞ்சில் என்னவோ முறிந்தது. அதற்குள் பித்தளைக் குழாய் எதையும் செருக முடியாது என்று அவருக்கே தெரிந்தது. பிறகு, "இப்ப ஒருவாட்டி எந்திரிச்சு உக்காரியா? நான் இங்கன நிக்கிறேன்" என்றார்.

அவள் அவரை முறைத்தாள். வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, தலைமை ஆசிரியையாக உட்கார்ந்தாள். எபனேசர் கரி போகாத கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

எப்சிபா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்ற அந்த நேரத்தில்தான் ஹேமாவதி டீச்சர் தலையை நீட்டி, "அம்மா, தண்ணி மோட்டார் ஓடல. கீழேருந்து ஆளக் கூப்பிடவா?" என்றார்.

எபனேசரின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. எப்சிபா பார்த்தாள். கை மறுபடி கட்டிக்கொண்டது.

"ஆளையே கூப்பிடுங்க" என்றார் எபனேசர், மிகுந்த சிரமத்தோடு. சற்றுப் பொறுத்து, "வந்தா, நான் பக்கத்துல நின்னு மட்டும் பாத்துக்கிறேன்" என்றார்.

நின்று மட்டும் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது ஓடுவது புது மோட்டார்.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாய் முனை முறிந்த இடத்தைப் படிக்கும்போது, "அவசரப்பட்டு இழுத்திருக்கிறான், கொஞ்சம் வெந்நீர் ஊற்றி இளக்கியிருந்தால் முழுசாக வந்திருக்கும்" என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா? தோன்றியிருந்தால், புத்தகத்தை மெல்லக் கீழே வையுங்கள். அடுப்படியில் உங்களுக்காக ஒருவர் ரொம்ப நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். மிக்ஸியின் அடிப்பாகத்தை எப்போது திரும்ப மாட்டித் தருவீர்கள் என்று கேட்க.