கம்ப்யூட்டருக்கு வந்த கைராசி

ஆராய்ச்சிக்கூடத்தில் காலையிலிருந்தே கூட்டம். முனைவர்களும் முதுபெரும் முனைவர்களும் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி வரிசையில் நின்றார்கள். உள்ளே கைராசிக்காரர் வந்திருந்தார்!

அங்கே நடக்கும் வேலை இதுதான். ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தகடுகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டிப் பார்ப்பார்கள். அந்த அரைக்கடத்தித் தகடு லித்தியத்தைப் பிடித்து வைத்து, கேட்டபோது விட்டுக்கொடுத்தால், சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்கு மின்முனை ஆகலாம். ஒரு தகடு தாங்குமா, உடையுமா என்று கணக்கிட வாரக்கணக்காகும். கைராசிக்காரருக்கு ஒரு கொட்டாவி நேரம் போதும். திரையில் உள்ளங்கையை வைப்பார். "தாங்கும்" என்பார், அல்லது "உடையும்" என்பார். ஒன்றுகூடப் பொய்த்ததில்லையாம். காணிக்கை ஆராய்ச்சி நிதியிலிருந்து போனது. 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதிவிட்டால் அதுவும் அறிவியல்தானே!

இளம் ஆராய்ச்சிக்காரியின் தகட்டில் கை வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"உடையும்மா. தூக்கிப் போட்டுடு."

வருடக்கணக்கான உழைப்பு. இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமே?"

"அவரு உடையும்னு சொன்னதை யாராவது ஓட்டுவாங்களா? மெஷின் நேரம் வீண்!"

"இதுவரைக்கும் அப்படி எதையுமே ஓட்டலையா?"

"எதுக்கு ஓட்டணும்?"

"தாங்கும்னு சொன்னதை?"

"தாங்குற வரைக்கும் நம்பரை மாத்தி மாத்தி ஓட்டுவோம்."

இதைச் சொல்லும்போது அந்தப் படித்த முகத்தில் துளி கூச்சமில்லை. பிறகு எப்படிப் பொய்க்கும்?

அவள் தன் இடத்துக்குப் போனாள். காலையில் "தாங்கும்" என்று அருள் பெற்ற இயக்குநரின் தகட்டையே எடுத்தாள். ஓர் அணுவையும் தொடவில்லை. நிறத்தை மாற்றினாள், கொஞ்சம் திருப்பினாள், மேலே தன் பெயரைப் போட்டாள். மறுபடி வரிசையில் நின்றாள்.

கைராசிக்காரர் பெயரைப் பார்த்தார். கை வைத்தார்.

"உனக்கு நேரமே சரியில்லம்மா. இதுவும் உடையும்."

அவள் பழைய நிறத்தையும் பெயரையும் திரும்பக் கொண்டுவந்தாள். வரிசை கழுத்தை நீட்டியது.

"ஐயோ, இது என் தகடாச்சே!" என்று அலறினார் இயக்குநர்.

கைராசிக்காரர் அசரவில்லை. "இந்தப் பொண்ணு கை பட்டதுல ராசி மாறிடுச்சு."

"அப்போ கைராசி எனக்குத்தான். எந்திரிங்க, நான் உக்காரணும்!" என்றாள் அவள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கைராசிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். அவள் தகடு அன்றே மெஷினில் ஏறியது. தாங்குமா, உடையுமா? இன்னும் தெரியாது, கணக்கு ஓடுகிறது.

வரிசையில் நின்ற பெரிய படிப்பாளிகளே, மெஷினை ஓட்டுமுன் மூளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஆலோசனைக் கட்டணம் கிடையாது.