ஒன்பது முட்டைகளும் ஒரு போர்டும்

அரிமளம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சரவணக்குமார் அவர்களுக்கு, மாமா தங்கமுத்து எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் கார்த்திகாவும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம்; சொன்னால் அத்தை பக்கத்தில் நின்று திருத்துவாள். அதனால் கடிதம்.

ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன் நான் கூண்டைச் சாத்த மறந்து, அடையில் உட்கார்ந்து மூன்றே நாளான கோழியை நாய் கொண்டுபோய்விட்டது உங்களுக்குத் தெரியும். ஒன்பது முட்டை கேட்பாரற்றுக் கிடந்தது. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்க வழி உண்டா என்று உங்களைக் கேட்டேன். "ஒரு போர்டு, ஒரு சென்சார், ஒரு ரிலே, கொஞ்சம் ஜம்பர் வயர். சூடு கூடினா பல்பு தானா அணைஞ்சிரும். ரொம்ப ஈஸி மாமா" என்றீர்கள். முட்டைகளைத் துணியில் சுற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஜம்பர் வயர் கேட்டதும், லாரி பேட்டரிக்குப் போடுகிறதை சாரைப்பாம்பு தடிமனில் எடுத்துக் கொடுத்தார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டே கீழராஜ வீதி வரை நடந்து ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் வெற்றிசெல்வன், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். கோழிக்குஞ்சு பொரிக்க என்றேன்.

"சரிங்க, மேலா, ஃபீமேலா?"

"அது பொரிச்சாத்தாங்க தெரியும்."

வயரின் முனை ஊசியா, துளையா என்று கேட்டாராம். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் இரண்டிலும் ஒவ்வொரு கட்டு கொடுத்தார். நல்ல மனுஷன்.

அந்த சென்சாருக்கு மூணு கால், மாப்பிள்ளை. திருப்பி மாட்டிட்டேன் போல, தொட்டா விரல் சுட்டுச்சு. சூடு அளக்குற சாமான்தானே, நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன். புகை வந்த பிறகுதான் புரிஞ்சது. மறுநாளும் பஸ். வெற்றிசெல்வன் புதுசு கொடுத்து, தாளில் படம் போட்டுக் காட்டி, நீங்க அனுப்பின புரோகிராமையும் அவரே ஏத்திக் கொடுத்தார். சாயங்காலம் தெர்மாகோல் பெட்டிக்குள்ள பல்பு தானா எரிஞ்சு தானா அணைஞ்சுச்சு பாருங்க, முப்பது வருஷம் கண்டக்டரா விசில் ஊதினவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அத்தைகூட "பரவால்லையே"ன்னா.

குளிர்ந்துபோன முட்டை என்பதால் கணக்கை முதலிலிருந்து தொடங்கினேன். இன்று பதினெட்டாம் நாள். வேளை தவறாமல் திருப்பி வைக்கிறேன். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டில். டீக்கடைப் பக்கம் போயே ரெண்டு வாரமாச்சு. ஞாயிற்றுக்கிழமை பொரிக்கும். நீங்கள் இருவரும் அவசியம் வர வேண்டும். மாமா சாதிச்சிட்டாருன்னு அத்தை காதுபட ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நீங்கள் எடுத்த காரியமெல்லாம் கைகூடி, குறைவின்றி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கமுத்து

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை அமுதவல்லி எழுதுறேன். மாமா இதைத் தபால்ல போடச் சொன்னாக. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சேராதுன்னு போட்டோ எடுத்து அனுப்புறேன். மொத நாள் அவுக பஸ் ஏறினதுமே முட்டையெல்லாம் பக்கத்து வீட்டுக் கலைமதியோட அடைக்கோழிக்கிட்ட வச்சுட்டேன். பொட்டியில இருக்கது கடை முட்டை. சொல்லிரலாம்னுதான் இருந்தேன். பல்பு எரிஞ்சப்ப அவுக மொகத்தைப் பாத்தேன், வாய் வரலை. நேத்தே ஏழு பொரிச்சிருச்சு. ஞாயித்துக்கிழமை அவுக குளிக்கப் போகையில ஏழு கடை முட்டையை எடுத்துட்டு, குஞ்சுகளைப் பொட்டிக்குள்ள விட்டுருவேன். நாலு நாள் குஞ்சு, கொஞ்சம் பெருசாத்தான் தெரியும். மெஷின்ல பொரிச்சா அப்படித்தான் இருக்கும்னு நீங்க சொல்லிருங்க.