'கிடைத்தது' பட்டன் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நான் நலம், கடை நலம், தையல் மெஷினும் எண்ணெய் போட்டபடியால் நலம். அங்கே தாங்களும் என் மகளும், முக்கியமாகக் கோபித்துக்கொண்டு அங்கே வந்து தங்கியிருக்கும் தங்கள் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் வேண்டுவது இரண்டு. நம் கடைக் கம்ப்யூட்டரில் தாங்கள் ஏற்றிய புரோகிராமை அழிக்க வேண்டும். என் மனைவியைத் திருப்பி அனுப்ப வேண்டும். எதை முதலில் செய்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் எண்ணம் நல்லதுதான். முன்னறையில் அவள் அளவெடுத்து, "இடுப்பு நாப்பத்தெட்டு!" என்று கத்துவாள். துணி வெட்டும் பின்னறையிலிருந்து நான் "எவ்வளவு?" என்பேன். பதிலைத் தெருவே சொல்லும். வந்தவர்கள் கூசிப்போகிறார்களே என்றுதான் இந்தச் செய்தி வரிசையைச் செய்து தந்தீர்கள். "ரெண்டே கமாண்டுதான் மாமா. 'அனுப்பு'ன்னா செய்தி வரிசையில போய் நிக்கும். 'எடு'ன்னா முதல்ல நிக்கிறது உங்ககிட்ட வரும். வந்ததும் 'கிடைத்தது' பட்டனை அழுத்திடுங்க. இல்லேன்னா உங்களுக்கு வரலேன்னு நெனச்சு மறுபடி அனுப்பும்" என்றீர்கள். தலையாட்டினேன். ஆனால் மாப்பிள்ளை, பட்டன் தைப்பது என் தொழில், அழுத்துவது அல்ல. மேலும், கல்யாணமான நாள் முதல் அவள் சொன்னது காதில் விழுந்ததாக நான் ஒப்புக்கொண்டதே கிடையாது. சொன்னதைச் செய்துவிடுவேன், கேட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெரு வக்கீலுக்கு ஒரு பேண்ட் என்று செய்தி வந்தது, வெட்டினேன். மறுபடி வந்தது, மனிதர் வசதியானவர், இன்னொன்று கேட்கிறார் போல என்று வெட்டினேன், இப்படியே ஐந்து ஆகிவிட்டது. வக்கீல் வந்து ஐந்தையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு எத்தனை கால் இருக்குன்னு நெனச்சீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அன்றே ஒரு முடிவெடுத்தேன். ஒரே செய்தி இரண்டாம் முறை வந்தால் அது மெஷினின் வேலை, திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த முடிவால்தான் குடும்பத்தில் மண் விழுந்தது.

போன வாரம், 'முதுகு ரொம்ப வலிக்குது, டாக்டரைப் பார்க்கணும், கடையை ஒரு நாள் மூடலாமா' என்று வந்தது. கைவேலையை முடித்துவிட்டுப் பேசலாம் என்றிருந்தேன். திரும்ப வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவளே வந்து நின்றாள்.

"மூணு தடவை கேட்டுட்டேன். காது கேக்கலையா?"

"மெஷின்தான் திருப்பி அனுப்புதுன்னு நெனச்சேன்."

"ஒவ்வொண்ணும் நானே என் கையால அடிச்சு அனுப்பினது. சரி, ரெண்டாவதும் மூணாவதும் மெஷின்னே வெச்சுக்குங்க. முதல்ல வந்தது?"

நான் குனிந்து, வெட்டின துணியையே மறுபடி வெட்டினேன் மாப்பிள்ளை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனதும் கடையில் ஒரு சத்தமில்லை, எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை, கண் சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடல. இன்று காலை நானே முதல் முறையாக 'அனுப்பு' கமாண்டை உபயோகித்து அவள் போனுக்கு, 'தப்பு என்னோடதுதான். டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். வீட்டுக்கு வா' என்று போட்டேன். கிடைத்ததாக இன்னும் தகவல் இல்லை. வரிசையில் எங்கோ சிக்கிக்கொண்டது. தயவுசெய்து அதை வெளியே எடுத்து, தாங்களே அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டு, புரோகிராமைத் தடயமில்லாமல் அழித்துவிடவும்.

தாங்களும் என் மகளும் எல்லா நலனும் பெற்று, ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் வாயால் பேசி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது திரையில் அவளுடைய செய்தி: 'நீங்க அனுப்பினது காலையிலேயே வந்துடுச்சு. வந்துக்கிட்டே இருக்கு. நான்தான் பட்டனை அழுத்தல. நீங்க இப்படித் திரும்பத் திரும்பச் சொல்லி நான் கேட்டதே இல்ல. சாயங்காலம் வரைக்கும் வரட்டும், அப்புறம் கிளம்பறேன்.' ஆகவே புரோகிராமில் கை வைக்க வேண்டாம். நான் 'கிடைத்தது' அழுத்திவிட்டேன். அது எங்கே இருக்கிறது என்று தேடத்தான் கொஞ்ச நேரமாகிவிட்டது.