வீட்டுக்காரியைக் கேட்டுச் சொன்ன விலை

ஆயுளில் ஒரு சதமேனும் விலை குறைக்காத பிடவைக்கடைக்காரர் என்று இலங்கைத் தீவு முழுக்கத் தேடினாலும் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். அவர் கல்முனையில், எங்கள் தெருவில் இருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் ஒருவிலையார்.

"காக்கா, ரெண்டு ரூவா கொறச்சுப் போடுங்களன்" என்று அண்ணன் முறை வைத்து யாராவது கேட்டுவிட்டால், அவர் துணியை மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டவர் படி இறங்கும்வரை திறக்க மாட்டார். சாய்ந்தமருதிலிருந்து வரும் பெண்கள் சிலர், அவர் கண்ணை மூடுவதைப் பார்ப்பதற்கென்றே பேரம் பேசுவார்கள்.

இறந்தவரைப் பொதியும் கபன் துணிக்கும் அவரிடம் ஒரே விலைதான்: சும்மா. ஏழைக்கும் சும்மா, பணக்காரனுக்கும் சும்மா. ஒரு முதலாளி தன் தகப்பனுக்குக் கபன் வாங்க வந்து, "நான் என்ன பிச்சக்காரனா?" என்று காசை மேசையில் எறிந்தார். ஒருவிலையார் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி கோபித்துக்கொண்டு வேறு கடை தேடிப் போனதில், மையித்து எடுக்க அரை மணித்தியாலம் பிந்திவிட்டது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நாங்கள் வீடு வாங்கப் போனோம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு அவள் மகளுக்கு. ஆண்கள் உடுத்த சாரத்தோடு போய்க் குடியேறுவார்கள், அவ்வளவுதான். என் தங்கச்சிக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பொருந்தியிருந்தார். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வீடு அவள் பெயரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று அவர்கள் பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். வாப்பா சவளக்கடையில் இருந்த வயலை விற்றார். எங்களுக்கு இருந்தது அந்த வயல் ஒன்றுதான்.

ஒருவிலையாரின் வீடு அவருடையதல்ல, மனைவியினது. அந்த அம்மா எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்தின வருடம் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். பிள்ளை இல்லை. வாப்பா போய்க் கேட்டதும் ஒருவிலையார், "அறுவதாயிரம்" என்றார். வாப்பா வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வந்தார்.

உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போன பிறகுதான் வில்லங்கம் வெளியே வந்தது. அந்த அம்மாவுக்கும் பக்கத்து வளவில் இருந்த அவருடைய இளைய சகோதரிக்கும் ஒரே நாளில் சீதன உறுதி எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் கிழக்கு எல்லையையும் மேற்கு எல்லையையும் மாற்றி எழுதிவிட்டார். முப்பது வருடமாக மூத்தவர் இளையவரின் வீட்டிலும் இளையவர் மூத்தவரின் வீட்டிலும் குடியிருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியாது.

வேறு யாரென்றாலும் சிரித்திருப்பார்கள். ஒருவிலையார் அப்படியே ஆடிப்போனார். அடுத்தவர் வீட்டில் அனுமதி இல்லாமல் படுப்பது ஹராம் என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து பொழுதுபட்டு மக்ரிப் தொழுததும் வேலியோரம் போய் நிற்பார்.

"மச்சி, இண்டைக்கும் ஒங்கட ஊட்டுல படுக்கலாமா?"

"படுங்க மச்சான், படுங்க. அப்ப நான் ஒங்கட ஊட்டுல சோறாக்கலாமா?" என்று இளையவர் உள்ளேயிருந்து கத்துவார்.

இளையவர் கையெழுத்துப் போட ஒருபோதும் மறுக்கவில்லை. பழைய ஏடுகளைத் தேடி, பிரதி எடுத்து, பிழையைத் திருத்தி எழுதத்தான் எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதத்துக்குள் சீமெந்து விலை ஏறியது, ஓட்டு விலை ஏறியது, ஊரில் காணி விலையும் ஏறியது. இனி அறுபதுக்குத் தருவாரா என்று வாப்பாவுக்கு நித்திரை இல்லை. பெருநாளுக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

லுஹர் தொழுகைக்குப் பின், உச்சி வெயிலில், வாப்பாவும் நானும் போனோம். நான் அப்போது கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞன். ஜின் பேய் ஒன்றும் இல்லை என்று சொல்லித் திரிந்த வயது.

"காக்கா, வெலய மறுகாப் பேசணுமா?" என்று வாப்பா எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டார்.

"கடைச் சாமானெண்டா நான் செல்லுவன் தம்பி. ஊடு அவடதானே. கேட்டுட்டு வாறன்."

யாரைக் கேட்பது என்று வாப்பா கேட்பதற்குள் அவர் நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. உள்ளே ஒரு பாயும் ஒரு அலுமாரியும் மட்டும் இருந்ததைக் கதவு திறந்தபோது நான் கண்டேன்.

"இஞ்ச பாரு புள்ள, அந்த ஊட்டு விசயம்" என்று அவர் தொடங்குவது கேட்டது. பிறகு சத்தமில்லை. "எட்டு மாசமாப் போயித்து, எல்லாம் வெல ஏறித்து." சத்தமில்லை. "ஓம், அது செரிதான். ஆனா..." என்று இழுத்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். மற்றவர் குறுக்கே பேசும்போது நாம் நிறுத்துவோமே, அப்படி. ஒவ்வொரு இடைவெளியும், ஒரு ஆள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் நேரத்துக்குச் சரியாக இருந்தது. முற்றத்து முருங்கையில் அதுவரை கத்திக்கொண்டிருந்த காகங்கள் கத்தவில்லை. நான் கதிரையை முற்றத்து வெயில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"அம்பத்தஞ்சாம்."

"கூட்டியா காக்கா?" என்றார் வாப்பா, கணக்கு விளங்காமல்.

"கொறச்சிட்டா. எவ்வளவோ செல்லிப் பாத்தன். கேக்கிறாவில்ல."

வீதியில் வரும்போது வாப்பா மூன்று தடவை நின்றார். "வெல கூடியிருந்தாக் கடன் படலாம். கொறஞ்சிரிக்கி எண்டு யாரிட்டடா போய்ச் செல்ற?" என்றார்.

பயத்தில் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பப் போனோம். அதே உச்சி வெயில், அதே அறை. இந்த முறை ஒருவிலையார் உள்ளே ஒரு தடவை சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

"நாப்பதாம்" என்று வந்து சொன்னார். "இன்னுமொண்டு. ஒங்கட புள்ளைக்கி இருட்டெண்டாப் பயமாமே? இந்த அறையில வெளக்கு மாடம் ஒண்டிரிக்கி. அத அடைக்க வேணாமாம்."

வாப்பா என்னைப் பார்த்தார், நான் வாப்பாவைப் பார்த்தேன். தங்கச்சிக்கு இருட்டுப் பயம் என்பது உண்மை. கிணற்றடிக்குப் போவதற்கும் அவளுக்கு யாராவது துணை வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் கேலி பண்ணுவார்கள் என்று எங்கள் வீட்டு நாலு பேருக்குள் மூடி வைத்திருந்த விஷயம் அது. அன்று முழுக்கத் தங்கச்சி உம்மாவின் சீலைத் தலைப்பை விடவில்லை. "அந்த ஊடு எனக்கு வேணா, நான் கலியாணம் முடிக்காம இரிக்கன்" என்று அழுதாள்.

உம்மா ஆயத்துல் குர்ஸி ஓதி அவளுக்கு ஊதிவிட்டு, எங்கள் இருவர் பக்கமும் திரும்பினார்.

"ஊடு பொம்பிளட. அத ஆம்பிளயள் போய்க் கதச்சா இப்பிடித்தான். நாளைக்கி நான் வாறன்."

உம்மா வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நேரே நடு அறை வாசலுக்குப் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா" என்றார், சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி. வாப்பா யாஸீன் ஓதத் தொடங்கிவிட்டார். ஒருவிலையார் உள்ளே பாயில் இருந்தார்.

"அவவும் ஸலாம் சென்னா" என்றார்.

"ராத்தா, நீங்க இப்பிடிக் கொறச்சுக் கொறச்சுப் போனா ஊரு என்ன செல்லும்? மௌத்தானவட ஊட்ட அடிச்சுப் பறிச்ச எண்டு செல்லமாட்டாங்களா? அறுவதுக்கே தாங்க."

ஒருவிலையார் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். கதவு நிலையைப் பிடித்திருந்த உம்மாவின் முக்காடு லேசாக ஆடியது. ஜன்னலில்லாத அறையிலிருந்து, கிணற்றுத் தண்ணீர் மணத்தோடு குளிர்ந்த காற்று ஒன்று வந்ததை நானும் உணர்ந்தேன்.

"காசே வேணாமாம். சும்மா எடுக்கட்டாம்."

"என்னத்துக்கு?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "அவட உம்மா அவக்குத் தந்த ஊடாம். அவ குடுக்கிறத்துக்கு மகள் இல்லியாம்."

உம்மா அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டார். ஓதிக்கொண்டிருந்த வாப்பாவும் நிறுத்திவிட்டார். அதுவரை எங்களுக்கு எங்கள் வீட்டுக் கலியாணம்தான் பெரிது. இந்த மனிதருக்கு இதில் என்ன போகப்போகிறது என்று முதலில் யோசித்தவர் வாப்பாதான்.

"அப்ப நீங்க காக்கா? ஊட்டக் குடுத்துப்போட்டு எங்க போய் அவவோட கதைப்பீங்க?"

"கடையில கதைக்கமாட்டா. அது என்ட எடம்" என்றார் ஒருவிலையார். "நானும் அதக் கேட்டன் தம்பி. அதுக்கு மட்டும் மறுமொழி செல்றாவில்ல."

உம்மா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பிறகு நடந்தது போல ஒரு பேரத்தை நான் வேறெங்கும் காணவில்லை. வாங்க வந்தவர் விலையைக் கூட்டுகிறார், விற்பவர் குறைக்கிறார். நடுவில், வாழ்நாளில் பேரமே பேசாத மனிதர் இரண்டு பக்கமும் செய்தி காவுகிறார். சும்மாவிலிருந்து பத்துக்கு ஏற்ற உம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில், "அம்பது ராத்தா. இதுக்குக் கீழ ஒரு சதமும் இல்ல. என்ட புள்ள இனி ஒங்கட மகள்தான். அதுக்காக அவளப் பெத்த நாங்க ஒண்டும் செய்யாம இரிக்கேலுமா?" என்றார்.

முருங்கையில் ஒரு காகம் கத்தியது.

"செரியாம்" என்றார் ஒருவிலையார்.

பக்கத்து வளவு இளையவரும், "ராத்தா சென்னாச் செரிதான்" என்று கையெழுத்து வைத்தார். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது வீடு தங்கச்சியின் பெயருக்கு வந்தது. காவின் எழுதிக் கலியாணமும் முடிந்தது. ஒருவிலையார் பாயைச் சுருட்டிக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போனார்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அவர் வாசல் கடப்படியில் வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன். தங்கச்சி உள்ளே வரச் சொன்னாள். "ஒரு சொட்டு நேரம், மகள்" என்று சொல்லிவிட்டு நடு அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. "இஞ்ச பாரு புள்ள" என்றார். காத்திருந்தார். திரும்பவும் சொன்னார். முருங்கையில் காகங்கள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

வெளியே வந்து எங்களைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். "கதைக்கிறாவில்ல" என்றார். கடையில் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கும் அந்த மனிதர், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படி இறங்கப் போனார்.

"கோவமில்ல மாமா" என்றாள் தங்கச்சி திடீரென்று. "ஊடு இப்ப என்டதானே? அதால என்னோட கதைக்கிறா."

அவர் திரும்பினார். "என்ன சென்னா?"

"தாடி கண்டபடி வளந்திரிக்காம். வெட்டச் சென்னா. அடுத்த வெள்ளியும் வாங்க, கேட்டு வைக்கன்."

அவர் தாடியைத் தடவிப் பார்த்தார். "ஓம், அது அவட கதைதான்" என்று முகம் மலர்ந்து போனார்.

அதன் பிறகு ஏழு வருடம், ஒரு வெள்ளி தவறவில்லை. வருவார், விளக்கு மாடத்துப் பக்கம் இருந்து தேத்தண்ணி குடிப்பார், செய்தி கேட்பார். கடையில் மீனில்லாமல் சோறு தின்பது, இருமலுக்கு மருந்து எடுக்காதது எல்லாவற்றுக்கும் ஏச்சு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். தங்கச்சிக்கு மகள் பிறந்தபோது அவர் அழுதுவிட்டார். இருட்டுக்குப் பயந்த என் தங்கச்சி, அதற்குள் அந்த அறையில் தனியாகப் படுக்கப் பழகியிருந்தாள்.

அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, சட்டி பானை கழுவிக்கொண்டிருந்த தங்கச்சியிடம் கேட்டேன். "இவ்வளவு காலமும் நல்லாத்தான் கத கட்டினாய். எப்பிடிப் புள்ள ஒவ்வொரு கிழமையும் யோசிச்செடுத்த?"

அவள் நடு அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத ரெண்டு வெள்ளிதான் நானாக் கட்டிச் சென்ன."

மற்ற வெள்ளிகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அத்தனை வருடமும் அந்த மனிதர் தனியாக இருக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.