எங்களிடம் இரண்டு ஆடுகள் இருக்கின்றன

சங்கரன்கோவில்,
5.6.1979

பம்பாயில் இருக்கும் நல்லகண்ணு மாமா அவர்களுக்கு, மாரித்தாய் கும்பிட்டு எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அப்பாவும் சுகம்தான், என்னிடம் மட்டும் பேசுவதில்லை. அங்கு நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க கோமதியம்மாளை வேண்டிக்கொள்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று காலையில் கண் விழித்ததும் நான் முதலில் கவனித்தது ஒரு சத்தம். நம் வீட்டுச் சுவரில் வழக்கமாகப் பல்லிதான் சத்தம் போடும். அன்றைக்குக் கடிகாரம் போட்டது. அது பக்கத்து வீட்டு மகபூப் பீவி அக்காவின் ஊசல் கடிகாரம். நான் தூங்கும்போதே அப்பா மாட்டியிருக்கிறார். கீழே எதிர்வீட்டு ஞானதுரை அண்ணாச்சியின் நான்கு நாற்காலிகள் வரிசையாக நின்றன. அண்ணாச்சி தபால் ஆபீசில் கிளார்க், உங்களுக்குத் தெரியும். நம் தெருவில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் சாமான் இப்படித்தான் வீடு மாறும். நம் இரண்டு ஆடுகளும் அதே கணக்கில் மகபூப் பீவி அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போயிருந்தன, வருகிறவர்களுக்கு வாடை அடிக்கக் கூடாது என்று.

இதெல்லாம் வழக்கம். வழக்கமில்லாதது இங்கிலீஷ். அதை ஆரம்பித்து வைத்தது நீங்கள். பெரியவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது, ஆனாலும் போன தடவை வந்தபோது தீப்பெட்டியில் இருந்த எழுத்தை நான் கூட்டிப் படித்ததைப் பார்த்துவிட்டு, குருவிகுளத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு, "பிள்ளை இங்கிலீஷ் பேசும்" என்று எழுதிவிட்டீர்கள். மாப்பிள்ளை மூக்காண்டிக்கு உங்கள் கம்பெனியிலேயே வேலை, பம்பாயில் பால்காரனிடம்கூட இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று அவருடைய அம்மா நம்புகிறார். அதனால் பிள்ளை பேசுவதைக் காதால் கேட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார்கள். நான் எட்டோடு நின்று, நாலு வருடமாக அப்பாவின் தறிக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றுகிறேன். தார் சுற்றுகிறவள் யாரிடம் இங்கிலீஷ் பேசுவாள்?

அப்பாவே சொல்லித்தர உட்கார்ந்தார். அப்பா படித்ததும் எட்டுதான், ஆனால் அது பழைய எட்டு. தறியில் உட்கார்ந்தபடியே அவர் சொல்ல, நான் தார் சுற்றிக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில், "ஐ ஹேவ்" என்று ஆரம்பித்தேன். "பொம்பளப்பிள்ள வாயத் தொறந்ததும் நான் நான்னு சொன்னா திமிருன்னுல்லா நெனப்பாவ. வீ ஹேவ்னு சொல்லு. குடும்பத்துக்கே சேந்தாப்புல இருக்கட்டும்" என்றார். பிறகு, "மை ஃபாதர் ஹேஸ்" என்று சொன்னதற்குத் தறியை நிறுத்திவிட்டார். "ஏட்டி, ஹேஸ்னா அவன் வச்சிருக்கான்னு அர்த்தம். பெத்த அப்பன அவன் இவன்னா சொல்லுவே? ஹேவ்னா அவிய வச்சிருக்காவ. நம்ம வீட்டுல இனிமே ஹேஸ்ங்கிற பேச்சே கூடாது." அதோடு அந்த வார்த்தை நம் வீட்டை விட்டுப் போனது. எனக்கு மிச்சம் இருந்தது வீ ஹேவும் யூ ஹேவும் தே ஹேவும்தான். எங்களிடம் நாலு நாற்காலி இருக்கிறது, எங்களிடம் கடிகாரம் இருக்கிறது என்று சாமான் வந்து சேருமுன்பே அப்பா வாக்கியம் கட்டிக் கொடுத்துவிட்டார். தூக்கத்திலும் சொன்னேனாம், அம்மா சொல்கிறாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் சாயங்காலம் வந்தார்கள். சாமான் கொடுத்தவர்களும் வந்துவிட்டார்கள், துணைக்கு என்று. துணை எங்களுக்கு இல்லை, சாமானுக்கு. மாப்பிள்ளையின் மாமா கொஞ்சம் கனத்த உடம்பு. அவர் அசையும்போதெல்லாம் பின்னால் நின்ற ஞானதுரை அண்ணாச்சி, "அண்ணாச்சி, சாயாதிய, காலு எளகிரும்" என்பார். கடிகாரம் ஐந்து அடித்தது. மகபூப் பீவி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுலயும் இப்படித்தான் கணீர்னு அடிக்கும்" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா கேசரியை எல்லோர் பக்கமும் நகர்த்தினார்.

நான் கும்பிட்டுவிட்டு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா, "எங்க தாயி, ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லு, கேப்போம்" என்றார். மாமா, எனக்கு நாலு பேர் முன்னால் தமிழே வராது. வாயைத் திறந்தேன். வீ ஹேவ் வரை வந்துவிட்டது. அப்போது மகபூப் பீவி அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே ஞானதுரை அண்ணாச்சி நாற்காலி முதுகில் கை வைத்து நிற்கிறார், அவருக்கு இங்கிலீஷும் தெரியும். சாமானுக்கு உரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எங்களுடையது என்று எப்படிச் சொல்வேன்? அண்ணாச்சி பக்கம் கையைக் காட்டி, "தே ஹேவ் ஃபோர் சேர்ஸ்" என்றேன். அக்கா பக்கம் காட்டி, "தே ஹேவ் ஏ கிளாக்" என்றேன். ஒருமையில் சொன்னால் மரியாதை இல்லை என்பது மனசில் இருந்தது. அப்பா முகம் மலர்ந்து போயிற்று. நான் பாடத்தை மாற்றியது அவருக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "வாட் டூ யூ ஹேவ்?" என்று கேட்டார். உங்களிடம் என்ன இருக்கிறது என்று. வீடு முழுவதும் தேடினேன். கண்ணில் பட்டது எதுவும் நம்முடையது இல்லை. "வீ ஹேவ் டூ கோட்ஸ்" என்றேன். அவர் வாசல் வரைக்கும் கண்ணை ஓட்டினார். ஆடு இல்லை என்று நினைத்துவிடுவாரே என்று பயந்து, "தே ஹேவ் அவர் கோட்ஸ்", எங்கள் ஆடுகள் அவர்களிடம் இருக்கின்றன என்று மறுபடி அக்காவைக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஏலே, என்னத்துக்குச் சிரிக்கே?" என்றார் அவருடைய அம்மா. அந்த அம்மாள் ஞானதுரை அண்ணாச்சியிடம், "நீங்க படிச்சவிய மாதிரி இருக்கு. பிள்ள என்ன சொல்லுது?" என்றார். அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், பொய் வராது. "நாற்காலி எங்களுது, கடிகாரம் இந்த அம்மாளுது, இவியளுக்கு ரெண்டு ஆடு உண்டு, அதும் இப்பம் அடுத்த வீட்டுல நிக்குன்னு சொல்லுது" என்றார். பாவம், எனக்கு உதவி செய்கிற நினைப்பில், "பிள்ள பயப்படாம சொல்லிட்டுல்லா" என்றும் சேர்த்தார்.

அந்த அம்மாள் நாற்காலி சுட்டது போல எழுந்துவிட்டார். கேசரி பாதி தட்டில் கிடந்தது. "கடுதாசி போடுதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத தெரு இல்லை. மகபூப் பீவி அக்கா கடிகாரத்தைக் கழற்றும்போது, "ஏட்டி மாரி, உங்களுதுன்னே சொல்லியிருக்கலாம்லா. நான் என்ன வழக்கா போடப் போறேன்?" என்றார். அப்பா அன்றிலிருந்து நான் எதிரே நின்றாலும், "அவகிட்டத் தண்ணி கேளு" என்று அம்மாவிடம்தான் சொல்கிறார். வெளியே டீக்கடைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அது ஒன்றுதான் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை போனது போகட்டும், தெருவில் அப்பா தலை குனிந்து நடக்கிறார்.

நான் களைத்துவிட்டேன், மாமா. பத்தொன்பது வயதில் இவ்வளவு களைப்பு ஆகாது என்று அம்மா சொல்கிறாள். நீங்கள் குருவிகுளத்துக்கு, பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்று நீங்களாகவே எழுதிவிடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்குமுன் நாம் சொன்னால் அப்பா தலை நிமிர்வார். அப்பாவுக்குத் தனியாக, தப்பு உங்களுடையது என்று ஒரு வரி போடுங்கள். இனிமேல் எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். பார்த்தாலும் ஊமைப் பிள்ளை என்று சொல்லிப் பாருங்கள். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் காலைத் தொட்டு, மாரித்தாய்.

பின்குறிப்பு: இவ்வளவும் எழுதி முடித்த பிறகு தபால்காரர் வந்தார். குருவிகுளத்துக் கடிதம். மாப்பிள்ளையே எழுதியிருக்கிறார். அப்பா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்த்தான் சொன்னாராம்: "நம்ம தெருவுல ஒரு முக்காலி கேட்டாக்கூடக் கதவச் சாத்துவானுவோ. ஓடுற கடிகாரத்தக் கழட்டிக் குடுத்துட்டு, கூடவே வந்தும் நிக்காவன்னா அது நல்ல குடும்பம்தாம்ல. பிள்ளையும் பொய் சொல்லத் தெரியாத பிள்ள." ஆனி பிறந்ததும் நிச்சயத்துக்கு வருகிறார்களாம். அப்பா என்னைப் பார்த்து, "ஏட்டி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். ஆகவே மாமா, மேலே எழுதியதில் உங்கள் விலாசமும் என் பெயரும் மட்டும் சரி. குருவிகுளத்துக்கு எதுவும் எழுதிவிடாதீர்கள். அவர் சிரித்தது பிடிக்கவில்லை என்று எழுதிய இடத்தை அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். வேறு எழுதலாம் என்றால் வீட்டில் இன்னொரு இன்லண்ட் கவர் இல்லை. அதனால் இதையே மடித்து, அடுப்படிக்குப் போய் ஒரு சோற்றுப் பருக்கை எடுத்து நசுக்கி ஒட்டப் போகிறேன்.