குனியாதே அக்கா

மலாக்கா வட்டாரத்திலேயே கர்ப்பிணிப் பெண்களை அதிகம் திட்டியவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் குனியாதே அக்காவுக்கு இரண்டாம் பரிசு கிடைக்க வாய்ப்பே இல்லை. முதல் பரிசை வாங்கிக்கொண்டு, கொடுத்தவரையும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வருவார்.

பெம்பானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. அவருடைய சொந்தப் பெயர் தோட்டத்தில் பெயர்ப்பதிவு எழுதும் கிராணிக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. ஒரு பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தால் போதும், அவள் போகிற இடமெல்லாம் அக்காவின் குரலும் கூடவே போகும்.

“குனியாதே புள்ள. முதுகு போயிரும்.”

வேடிக்கை என்னவென்றால், அக்காவின் முதுகே வளைந்துதான் இருக்கும். ஆறு பிள்ளை பெற்றவர். ஒவ்வொரு தடவையும் வலி எடுக்கும்வரை மரம் வெட்டியவர். தரையைப் பார்த்து நடந்துகொண்டே மற்றவர்களை நிமிரச் சொல்வார்.

எனக்கு ஆறாம் மாதத்திலேயே முதுகு வலி வந்துவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அக்கா சிகிச்சையில் இறங்கினார். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, அடிவயிற்றைத் தாங்கும்படி என் இடுப்பில் கட்டினார். தண்ணீர் தூக்கும் வேலையை என் வீட்டுக்காரர் தலையில் கட்டினார். பிறகு அவருடைய தலையணையைப் பிடுங்கி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் அதைச் செருகினார்.

“அப்ப நான் எதத் தலைக்கு வச்சுப் படுக்கிறது?” என்று கேட்டார் இவர்.

“கைய வச்சுப் படு. ரெண்டு இருக்குல்ல.”

மாரியம்மன் கோயிலில் நான் விழுந்து கும்பிடப் போனபோது முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டார். “ஆத்தாவுக்குக் கண்ணு இருக்கு. நின்னுக்கிட்டே கும்பிடு, அவ பாத்துக்குவா.” முறைத்த பூசாரிக்கும் பங்கு கிடைத்தது.

இதுவரை சிரிப்புத்தான். ஏழாம் மாதத்துக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது.

பால்மரத்தின் பட்டையை மேலே தொடங்கிக் கீழ்நோக்கிச் சீவிக்கொண்டே வருவார்கள். வெட்டு புதிதாக இருந்தால் நின்றபடி வெட்டலாம். வருஷங்கள் போகப் போக வெட்டு கணுக்காலுக்கு இறங்கிவிடும். பிறகு மரத்துக்கு மரம் குனிய வேண்டியதுதான். எனக்குக் கொடுத்திருந்த மரநிரை முழுக்க அப்படிப்பட்ட அடிமரம். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து எழுவதற்குள் கண்ணில் பூச்சி பறக்கும்.

ரப்பர் விலை அடியோடு விழுந்திருந்த நேரம். ஆளைக் குறைக்கத் துரைமார் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேலை சரியில்லை என்று பெயர் வந்தால் லயத்து வீடு போய்விடும், குடும்பத்தோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரரோ தலையணையும் இல்லாமல் மலேரியாவில் சுருண்டு கிடந்தார். என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. இந்த வயிற்றோடு கப்பல் ஏறினால் பிள்ளை நடுக்கடலில் பிறக்கும், பிழைக்காது என்கிற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

நிரையை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டேன். முடியாது என்றார். அக்கா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை என் நிரையில் வந்து நின்றார்.

“என்னோடது மேல்வெட்டு. நீ போய் அத வெட்டு, இத நான் பாத்துக்கறேன்.”

“வேணாங்கக்கா, உங்க முதுகு…”

“ஏற்கெனவே குனிஞ்ச முதுகு புள்ள. எனக்கு அடிமரந்தான் சவுகரியம்.”

அன்றிலிருந்து அவர் மரங்களை நான் நின்றபடி வெட்டினேன். என் முதுகு மூச்சு விட்டது. ஆனால் அக்காவிடம் ஒரு குறை. மரத்தையும் திட்டிக்கொண்டேதான் வெட்டுவார். எட்டாத உயரத்தில் வெட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அதனால் பெரிய சேதமில்லை. கைக்கு வாகான அடிமரம் கிடைத்ததும், திட்டு சூடேற ஏறக் கத்தி ஆழமாக இறங்கியது. என் மரங்கள் எல்லாவற்றிலும் காயம். காயம் பட்ட மரத்தில் பால் குறைந்துவிடும். துரைக்குத் தன் உடம்பில் காயம் பட்டால்கூட அவ்வளவு கோபம் வராது.

ஒரு நாள் காலை துரை சோதனைக்கு வந்துவிட்டார். நாங்கள் அவசர அவசரமாக அவரவர் நிரைக்கு ஓடினோம். நான் ஓடவில்லை, உருண்டேன் என்று சொல்ல வேண்டும். துரை என் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது. அவருக்குத் தமிழும் மலாயும் கலந்து வரும்.

“இது சியாப்பா மரம்?”

“யாரு மரம்னு தொரை கேக்கறாரு,” என்றார் கங்காணி.

“என் மரந்தாங்க,” என்றேன்.

“வெட்டு. நான் பார்க்கிறேன்.”

கத்தியை எடுத்தேன். ஓடி வந்ததில் முதுகில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி வலித்தது. வேறு வழியில்லை. நான் குனியத் தொடங்கினேன். காயத்தைக் கிட்டத்தில் பார்க்கத் துரையும் அதே நேரத்தில் குனிந்தார்.

“குனியாதே.”

தோட்டமே அதிர்ந்தது. துரை விசுக்கென்று நிமிர்ந்தார். தொப்பி கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட ஒருவரும் குனியவில்லை.

அடுத்த நிரையிலிருந்து அக்கா வந்து எனக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றார். “மரந்தான் அவளோடது. காயம் என்னோடது. அவளுக்கு முதுகு முடியல, நாந்தான் மாத்திக்கிட்டேன். கேக்கறத என்னயக் கேளுங்க தொரை.”

கங்காணி அதைத் துரைக்கு மலாயில் எடுத்துச் சொன்னார். துரை என் வயிற்றைப் பார்த்தார், அக்காவின் முதுகைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் தீர்ப்பு வந்தது. அக்காவுக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது. காலியான அவருடைய மேல்வெட்டு நிரையை எனக்குக் கொடுத்தார்கள்.

சுங்கை ஊடாங் பக்கத்தில் வேறு தோட்டத்திலிருந்த மூத்த மகனிடம் போக அக்கா மாட்டுவண்டி ஏறினார். நான் அழுதுகொண்டே நின்றேன். வண்டி கிளம்பியபோது அவருடைய வெற்றிலைப் பை கீழே விழுந்தது. எடுக்கப் போனேன்.

“கெடக்கட்டும் புள்ள. குனியாதே,” என்று வண்டியிலிருந்து ஓர் அதட்டல். வண்டி வளைவு திரும்பும்வரை நான் நிமிர்ந்தே நின்றேன்.

அடுத்த மாதம் லயத்து வீட்டிலேயே மகள் பிறந்தாள். அக்காவை அதன்பின் நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கும் அடுப்படியில் கரண்டி விழுந்தால் உடனே எடுத்துவிட மாட்டேன். யாராவது அதட்டுகிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்பேன். அப்புறம்தான் குனிவேன்.